நிச்சயத்தில் ஜோஸ்வின் ஒப்பித்தது

விழுப்புரம்

திண்டிவனம் சம்பந்தி அந்தோணிசாமி அவர்களுக்கு, உங்கள் மருமகளாக வரப்போகிற பேத்தி மெர்லினின் ஆயா சவரியம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே யாரும் நலமில்லை. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாதா புண்ணியத்தில் கோபம் தணிந்திருக்க மன்றாடுகிறேன்.

நிச்சயத்தன்று மெர்லினின் தம்பி ஜோஸ்வின் பேசியதற்கு அவனைக் குற்றம் சொல்லாதீர்கள். இருபது வயதாகியும் சொன்னது எதுவும் அவன் மனசில் தங்காது. கவனக் குறைபாடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொத்துமல்லி வாங்கப் போனால் வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்து வருவான். அதற்குத்தான் ஞாபகப் பயிற்சி. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக விளக்கு எரியும், எரிந்த வரிசையைத் திருப்பித் தொட வேண்டும். பயிற்சி கொடுக்கிற அஸ்வினிப் பொண்ணு, "வீட்லயும் எதையாவது வரிசையா சொல்லி, கடைசிலேர்ந்து திருப்பிச் சொல்ல வைங்க ஆயா"ன்னுச்சு. நானும் நம்பர் சொன்னேன், காய்கறி சொன்னேன், அப்போஸ்தலர் பெயரெல்லாம் சொன்னேன். முதல் பெயர் பேதுரு, அதோடு எழுந்து போய்விட்டான். எனக்கு வேறென்ன தெரியும்? நம்மை யார் யார் எங்கெங்கே அவமானப்படுத்தினார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். பாவிப்பயல் கண் இமைக்காமல் கேட்டான், அப்படியே திருப்பி ஒப்பித்தான். அஸ்வினிக்கே சந்தோஷம்.

மோதிரம் மாத்தற நேரத்தில் நீங்கதானே சம்பந்தி, "என்னமோ பயிற்சிக்குப் போய்க்கினு இருக்கியாமே தம்பி, எங்க, சொல்லிக் காட்டு பாப்போம்"னு கேட்டீங்க? கடைசியிலிருந்து ஆரம்பிச்சதால, தலைமுறை தலைமுறையா பழகின உங்க குடும்பமே முன்னால வந்துடுச்சு. பொண்ணு பார்க்க வந்தப்போ சம்பந்தியம்மா கேசரியை மோந்து பார்த்துட்டுத் தட்டைத் தள்ளினது, பெருமுக்கல் சந்தையில உங்க அண்ணன் எங்க மல்லாட்டையைச் சொத்தைக் கடலைன்னது, என் கல்யாணப் பந்தியில உங்க அப்பா சவுரிராயன் எங்க சித்தப்பாவைப் பாதிச் சோத்துல எழுப்பினது. நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். "விடு ஆயா, நடுவுல நிறுத்தினா மறந்துடும்"ங்கிறான். நீங்க எல்லாரும் பிரியாணியைத் தொடாமல் வேனில் ஏறிட்டீங்க.

"என் கல்யாணத்தைக் கெடுத்தது நீதான் ஆயா"ன்னு சொன்ன மெர்லின், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் இன்னாருக்கு இன்னார் என்று கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். திண்டிவனத்துக்காரர் சரி என்றால்தான் வாசிப்பேன் என்கிறார் சாமியார். பழைய வருத்தமெல்லாம் நான் விட்டாச்சு. நீங்களும் மறந்து, அந்தப் பெண்ணுக்காக ஒரு போன் போட்டு, சரி என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் வீட்டார் எல்லோர் தலையிலும் மாதா கை இருக்கட்டும்.

இப்படிக்கு,
சவரியம்மாள்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஜோஸ்வின் வந்தான். "ஆயா, வேன் கிளம்புறப்போ திண்டிவனத்து மாமா போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லல. இனிமே அதைத்தான் முதல்ல சொல்லணும்" என்றான். சத்தியமாக இது நான் சொல்லிக் கொடுத்ததில்லை சம்பந்தி, தானாகவே ஞாபகம் வைத்திருக்கிறான்! பிள்ளை தேறிட்டான். ஆமாம், ஏன் சொல்லல?