வாய் முளைத்த மெட்டல் டிடெக்டர்

ஒரு மெசினுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஒரு சின்ன போர்டு, ஒரு மெமரி கார்டு, ஒரு ஸ்பீக்கர் போதும். எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம். (எனக்கே அது இன்னும் சரியாக வரவில்லை என்பது வீட்டாரின் கருத்து.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பொம்மிடியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்ததால், என்னால் சரிசெய்ய முடியாத பொருளே உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். (எங்கள் வீட்டு மிக்ஸிக்கு வாயிருந்தால் வேறு மாதிரி சொல்லும்.) வெளிநாட்டுக்காரர்கள் வயலில் ஒரு கம்பை ஆட்டிக்கொண்டே போய்ப் பழங்காசு எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் நானும் ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். பொழுதுபோக்குக்கான சாதாரண மாடல். நீளமான கம்பு, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி ஒரு கம்பிச்சுருள், அதாவது காயில். மண்ணுக்குள் எந்த உலோகம் இருந்தாலும் 'பீப்' என்று ஒரே சத்தம். ராஜா காலத்துக் காசுக்கும் அதே பீப், மாத்திரை அட்டைக்கும் அதே பீப்.

எங்கள் வயற்காட்டில் ஒவ்வொரு பீப்புக்கும் நான் ஒரு குழி தோண்டினேன். கிடைத்ததெல்லாம் ஆணி, சோடா மூடி, பாதி லாடம்.

"ஏங்கண்ணு, போறவங்க வர்றவங்கல்லாம் வாழக்கன்னு நடறீங்களான்னு கேக்கறாங்க" என்றார் அப்பா, வரப்பைப் பார்த்து.

அதனால்தான் மெசினுக்கு வாய் வைக்க முடிவு செய்தேன். ஒவ்வொரு உலோகமும் காயிலுக்குத் திருப்பி அனுப்பும் சிக்னல் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். அந்த வித்தியாசத்தை போர்டு அளந்து பார்க்கும். அதற்கேற்ற ஒலியை ஸ்பீக்கரில் விடும். மற்றவர்கள் இரும்புக்குத் தடித்த சத்தம், வெள்ளிக்கு மெல்லிய சத்தம் என்று வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. என் மெசின் தமிழில், முழு வாக்கியமாகப் பேச வேண்டும் என்று ஆசை. ஸ்பீக்கர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதற்கு முன்பு அது வண்டியில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்ததாம். சத்தத்தைக் குறைக்கும் திருகு வைக்க மறந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஃபேன் சத்தம் விழக்கூடாது என்று அதை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் படுத்துக்கொண்டு செல்போனில் என் குரலைப் பதிவு செய்தேன். இரும்புக்கு, "இரும்பு. துருப்புடிச்சது. விட்டுத் தள்ளு." தங்கத்துக்கு, "தங்கம். கத்தாத. கமுக்கமா தோண்டு." இரும்பு ஒரே முயற்சியில் வந்துவிட்டது. தங்கம் வரவில்லை. பாசமாகச் சொல்லிப் பார்த்தேன், ரகசியமாகச் சொல்லிப் பார்த்தேன், மூச்சு வாங்கச் சொல்லிப் பார்த்தேன். "தங்கம்... கத்தாத... தங்கம்... தங்கம்..."

கதவுக்கு வெளியே அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அன்று மாலையே அம்மா யார் யாருக்கோ போன் செய்தார். மறுநாள், "வர்ற ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் மொரப்பூர்ல இருந்து உன்னப் பொண்ணு பாக்க வராங்க" என்று மட்டும் சொன்னார். இவ்வளவு அவசரம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

"அந்தக் கம்ப மாட்டுக் கொட்டாயில போட்டுரு. அவங்க கண்ணுல படக்கூடாது. உனக்கு டைலரிங் தெரியும்னு சொல்லியிருக்கறேன்."

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதேம்மா."

"அவங்க என்ன துணியோடவா வராங்க?"

மாப்பிள்ளை பெயர் பிரான்சிஸ். மாம்பழக்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர். தன் அம்மாவோடும் தாய்மாமாவோடும் வந்திருந்தார். நான் காபி கொடுத்தபோது நிமிர்ந்து பார்த்து, "தேங்க்ஸுங்க" என்றார். எங்கள் வீட்டில் காபிக்கு யாரும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை. சர்க்கரை கம்மி என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்துவிட்டது. இந்த இடம் அமைய வேண்டும் மாதாவே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மாதா என் பக்கம் திரும்புவதற்குள், அப்பாவோடு காட்டைச் சுற்றிப் பார்க்கப் போன மாப்பிள்ளையின் அம்மா ஒரு காதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். திருகு கழன்று தோடு எங்கோ விழுந்துவிட்டது. எல்லோரும் காட்டுக்கு ஓடி, குனிந்து தேடினோம். தென்படவில்லை.

"வந்த எடத்துல தங்கம் தொலையறது நல்லாவா இருக்குது" என்றார் மாமா, யாரிடமும் சொல்லாதது போல.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. "கவலப்படாதீங்க. எம் பொண்ணு ஒரு மெசின் வச்சிருக்குது" என்றார். அம்மா பார்த்த பார்வைக்கு நியாயமாக அவர் அங்கேயே சாம்பலாகியிருக்க வேண்டும்.

பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மெசினோடு வந்தேன். கடலைக்கொடிப் போர் பக்கத்தில் காயிலை ஆட்டியதும், வெங்காய ஸ்பீக்கர் பக்கத்துக் காடு வரைக்கும் கேட்க முழங்கியது:

"தங்கம். கத்தாத. கமுக்கமா தோண்டு."

"கமுக்கமாவா? யாருக்குத் தெரியாமங்க?" என்றார் மாமா.

அதற்குள் அம்மா, "அடிப்பாவி, இதுதானா அந்தத் தங்கம்? நான் எவனோன்னு நெனச்சு..." என்று தொடங்கி, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எவனோன்னா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

பதில் சொல்வதைவிடத் தோண்டுவது மேல் என்று தோண்டினேன். வந்தது குவார்ட்டர் பாட்டிலின் அலுமினிய மூடி. (அலுமினியமும் தங்கமும் மெசின் காதுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.) மெசின் மறுபடி தங்கம் என்றது. இன்னொரு மூடி. மறுபடி தங்கம். தவக்காலத்தில் கோயிலில் வைத்துக் குடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருந்த அப்பா, தென்னை மரத்தில் எத்தனை காய் என்று அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். அம்மா அவர் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

நிலைமையைக் காப்பாற்ற நினைத்தோ என்னவோ, பிரான்சிஸ் என் பக்கத்தில் வந்து, "நானும் தேடறேங்க" என்று நின்றார். காயில் அவருடைய இடது காலைக் கடந்தது.

"இரும்பு. துருப்புடிச்சது. விட்டுத் தள்ளு."

என் குரல். சந்தேகத்துக்கே இடமில்லாமல் என் குரல்.

"செருப்புல ஆணி இருக்குமுங்க" என்றேன். செருப்பைக் கழற்றினார். விட்டுத் தள்ளு என்றது மெசின். பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மாமாவிடம் கொடுத்தார். விட்டுத் தள்ளு. அவர் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

பிரான்சிஸ் பெருமூச்சு விட்டார். "பைக்ல வுழுந்துட்டேங்க. உள்ள ப்ளேட் வச்சிருக்குது, ஆறு ஸ்குரூ. சொல்லிரலாம்னேன், அம்மாதான் வேண்டான்னாங்க." பிறகு கொஞ்சம் ரோஷத்தோடு, "ஆனா அது இரும்பில்லீங்க. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துருப்புடிக்காது" என்றார்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எந்தப் பெண்ணும் மெசினை நிறுத்தியிருப்பாள். எனக்கோ, ஸ்டீலை ஏன் இரும்பு என்கிறது, அளவு எங்கே தப்பியது என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க, ரீடிங் எடுத்துக்கறேன்" என்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். மெசின் திரும்பத் திரும்ப விட்டுத் தள்ளச் சொன்னது. நான் அவர் காலை விடவில்லை.

"இப்ப இந்தப் பொண்ணு வேணுங்குதா, வேண்டாங்குதா?" என்றார் மாமா குழம்பிப்போய்.

அதற்குப் பிறகு அம்மாக்கள் ஆரம்பித்தார்கள். "கால் ஒடஞ்சத மறச்சுட்டுத்தான் வந்தீங்களா?" என்றார் என் அம்மா. "டைலரிங்னு சொன்னீங்களே, இதுதான் தையல் மெசினுங்களா?" என்றார் அவர் அம்மா. எனக்கு அங்கேயே மறைந்துவிடலாம் போலிருந்தது. நான் தோண்டியிருந்த குழிகளில் ஒன்றுகூட என் அளவுக்கு இல்லை. மெசினை நிறுத்திவிட்டு எழுந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ஏன் ஆஃப் பண்ணிட்டீங்க? தோடு இன்னும் கெடைக்கலியே" என்றார் பிரான்சிஸ். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

பின்னால் சண்டை நடந்துகொண்டிருக்க, மெசினை மறுபடி ஆன் செய்துகொண்டு நாங்கள் இருவரும் வரப்பில் நடந்தோம். மோட்டார் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் மெசின் தங்கம் என்றது. இந்த முறை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் சேற்றில் கையை விட்டு எடுத்து, தண்ணீரில் அலசிக் காட்டினார். தோடுதான்.

"இப்பக் கத்தலாங்களா, இல்ல கமுக்கமாவே இருக்கலாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் கத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மா தோட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பொண்ணு வரட்டும். எம் மவன விட்டுத் தள்ளுங்கற மெசின் எங்க வூட்டுக்கு வரக்கூடாது."

கல்யாணமான பிறகு, "அப்படின்னா நீங்களே பேசிக் குடுங்க அத்தை" என்று செல்போனை அவர் முன்னால் நீட்டினேன். கூச்சப்பட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பேசினார். தங்கம் வந்ததும், அன்று கிடைத்த அந்த மூடிகளை நினைத்தாரோ என்னவோ, "தங்கமாட்டந்தான் தெரியுது. எதுக்கும் நிதானமா பாரு கண்ணு" என்றார். நான் திருத்தவில்லை. இன்று மொரப்பூரைச் சுற்றி யாருக்கு மெட்டி தொலைந்தாலும் அத்தையின் குரல்தான் காட்டில் கேட்கிறது.

போன மாதம் புரோக்கர் ஒருவர் என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை போட்டோ கொண்டுவந்தார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தங்கமாட்டந்தான் தெரியுது" என்றார் அத்தை. "எதுக்கும் பையன ஒரு நட நேர்ல வரச் சொல்லுங்க. எம் மருமவ மெசின் வச்சுப் பாத்துரட்டும்."