ஜாம் ஜாடியில் கிடைத்த காடு

அக்கரைக் கன்னியர் மடத்தில் ஜெபமும் சுகமுமாய் இருக்கும் என் அருமை உர்சுல் அக்காவுக்கு, இக்கரைத் துறவியர் மடத்திலிருந்து தம்பி தெயோதுல் பணிந்து எழுதுவது. நான் நலம், வயிறு மட்டும் நலமில்லை. நீயும் உங்கள் தலைவி அம்மாளும் நலமென்றே நம்புகிறேன்.

எங்கள் மடத்தின் வரலாற்றை நான் எழுதி வருவது உனக்குத் தெரியும். பக்கத்துக் காட்டை எங்களுக்கு அந்தக் காலத்து ராஜா தானம் கொடுத்த தோல் சாசனம் மட்டும் அகப்படவேயில்லை. அது இல்லாமல் என் முதல் அத்தியாயமும் நகராது, காட்டின்மேல் கண் வைத்திருக்கும் பிரபுவின் வாயும் மூடாது என்று மடாதிபதி என்னைத் துளைத்தெடுத்துவிட்டார். பழைய பத்திரத் தோல்கள் ஊருக்குள் மதாம் லுக்ரேஸ் அம்மாள் வீட்டுப் பரணில் கிடப்பதாகக் கேள்விப்பட்டுக் கழுதையேறிப் போனால், பரண் காலி. "அந்தத் தோலா சாமி? ஜாம் ஜாடிக்கெல்லாம் வாய் கட்டிட்டேனே! எலிப் பல்லே எறங்கல, அவ்வளவு கெட்டி" என்று அந்த அம்மாள் பூரித்துப்போகிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவிழ்த்துத் தாருங்கள் என்று கெஞ்சினேன். "தொறந்தா கெட்டுப்போயிடுமே. சாப்பிட்டுக் காலி பண்ணுங்க, மூடிய எடுத்துக்கோங்க" என்று கரண்டியை நீட்டினாள். தவக்காலம் அக்கா! விரதம் பெரிதா, வரலாறு பெரிதா என்று தவித்தேன். அதற்குள் கை கரண்டியை வாங்கிவிட்டது. பேரிக்காயில் யாரோ பசு விற்ற பத்திரம் வந்தது, ஆப்பிளில் ஒரு கல்யாண ஒப்பந்தம், செர்ரியில் பாதி உயில். வேலைக்காரி நிக்கோல் கதவோரம் நின்று, "சாமிக்கு ரொட்டி வேணுமா, இல்ல சரித்திரத்த வெறுமனேதான் முழுங்குவீங்களா?" என்கிறாள். சிரிக்கக்கூடத் தெம்பில்லை. கடைசியில் பிளம் ஜாடியில், அக்கா, ராஜாவின் கையெழுத்து! "காடு முழுவதும்" என்று ஒரு வரி, அப்புறம் கருஞ்சிவப்பாய் ஜாம் கறை, அதையடுத்து "மடத்துக்கே" என்று பளிச்சென்று இருந்தது. கழுதையை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். மடாதிபதி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மணி அடித்தார்கள். விரதம் முறித்ததற்குத் தண்டனைகூட இல்லை. மரத்தில் கை வைக்காதே என்று பிரபுவுக்கு ஆள் போயாகிவிட்டது. முதல் அத்தியாயத்தைப் படித்தால் பாரிஸ் அறிஞர்களே வாய் பிளப்பார்கள்.

உன் ஜெபத்தில் என் பேரைச் சேர்த்துக்கொள். முடிந்தால் என் வயிற்றையும்.

உன் தம்பி,
தெயோதுல்

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன் அந்தக் கறையை ஈரப் பஞ்சால் ஒற்றியெடுத்தேன். அடியில் ஒரு சொல் இருக்கிறது: "கன்னியர்". இந்த வட்டாரத்தில் கன்னியர் மடம் உங்களுடையது ஒன்றுதான். மடாதிபதியிடம் காட்டினேன். "அந்த எடத்துல இன்னும் கொஞ்சம் ஜாம் தடவினா என்னப்பா?" என்றார். "முடியாது பிதாவே" என்று சொல்லிவிட்டு முதல் அத்தியாயத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். இப்போது இங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. குளிர் விடும்வரை உங்கள் காட்டில் கொஞ்சம் விறகு வெட்டிக்கொள்ளலாமா என்று தலைவி அம்மாளிடம் கேட்டுச் சொல், அக்கா.