முதல் தரம் மேல்மாடியில்

சூலூர்,
சனிக்கிழமை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய ஞானாபரணம் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை டீனாவின் வீட்டுக்காரன் பிராங்க் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நான், டீனா, குழந்தை ஜோவிதா மூவரும் சுகம். ஆர்.எஸ்.புரத்தில் நீங்களும் அக்காவும் மருமகன் ஜெஃபினும் சுகமென்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் ஒரு கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் பாதியிலேயே ஜெபத்தில் இறங்கிவிடுகிறீர்கள். நானும் மீதியை விழுங்கிவிட்டு ஆமென் சொல்லி வைத்துவிடுகிறேன். இதை முழுக்கப் படித்துவிட்டு ஜெபித்துக்கொள்ளலாம்.

முதலில் நன்றி. ஜோவிதாவை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லி உங்கள் சபைக்காரரான பள்ளித் தாளாளரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களே, அது பலித்துவிட்டது. என்ன ஏது என்று கேட்காமலே சொன்னீர்கள். அந்த என்ன ஏதுவை இப்போது சொல்கிறேன்.

இந்த ஜூனில் மூன்றாம் வகுப்பு தொடங்கியதும் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைத்து லில்லி, லோட்டஸ், டெய்சி என்று மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். எது உசத்தி, எது மட்டம் என்று சொல்லவில்லை. எல்லாப் பூக்களும் சமம் என்று வாட்ஸப்பில் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, யாரும் பதில் எழுத முடியாதபடி குரூப்பைப் பூட்டிவிட்டார்கள். அன்றோடு எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தூக்கம் போயிற்று. பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போதுகூட "உங்க பாப்பா என்ன பூங்க?" என்றுதான் விசாரிக்கிறார்கள். ஜோவிதாவுக்கு லில்லி கிடைத்தது. லில்லி வகுப்பு கீழ்த்தளத்தில், கேட்டுக்குள் நுழைந்ததும், தலைமையாசிரியை அறையை ஒட்டி இருக்கிறது. டெய்சி மேல்மாடியில். இதைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது, ஏனென்றால் நான் பெட்ஷீட் கம்பெனி கிடங்கில் தரம் பிரிக்கிறவன். பத்தாவதைத் தாண்டவில்லை என்றாலும் சரக்கை எங்கே அடுக்குவது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழே ஈரம் ஏறும், எலி வரும், அதனால் முதல் தரம் எப்போதும் மேல்மாடிக்குப் போகும். நூல் அறுந்தது, கறை பட்டதெல்லாம் செகண்ட்ஸ் என்று கீழே, வாசலோரம், ஆபீசை ஒட்டிக் கிடக்கும். முதலாளி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் அதைச் சந்தை வியாபாரிகளிடம் சீக்கிரம் தள்ளிவிட முடியும். அப்படியானால் வாசலோரம், ஆபீசை ஒட்டி இருக்கிற என் மகள் என்ன தரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் லேத் பட்டறைக்காரர் மருதாசலம் இருக்கிறார், அவர் மகள் தேஜஸ்ரீக்கு டெய்சி. நான்தான் அவரைக் கூப்பிட்டு இந்த மேல்மாடிக் கணக்கை விளக்கினேன். அன்று சாயங்காலமே தெருவுக்கு மைசூர்பா கொடுத்தார். வாங்கித் தின்றேன், எனக்கு மட்டும் இனிக்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததைப் பார்த்தால் என் கணக்கு சரிதான் என்று இன்னும் உறுதியாயிற்று. லில்லியில் தினமும் ஒரு பரீட்சை. சனிக்கிழமை அபாகஸ். வீட்டுப்பாடம் முடிவதற்குள் குழந்தை நோட்டின் மேலேயே தூங்கிப்போவாள். காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்பாள். டாக்டரிடம் கூட்டிப்போனோம், வயிற்றில் ஒன்றுமில்லை என்றவர், எந்த ஸ்கூல் என்று கேட்டார். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. ஒருநாள் இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று டீனா கேட்டதற்கு, "எதும்மா கரெக்ட்?" என்று கேட்டாள். டீனா கரண்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கிடங்கில் நல்ல பெட்ஷீட் பீஸை ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம், சந்தேகமான பீஸைத்தான் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி இழுத்துப் பார்ப்போம். என் மகளை இப்படித் தினமும் இழுத்துப் பார்க்கிறார்களே, அப்படியென்ன கறை இருக்கிறது அவளிடம் என்று நினைத்தேன். மருதாசலத்தைக் கேட்டால், "எம்பட புள்ளைக்கு ஊட்டுப்பாடமே இல்லீங்க. அல்லாத்தையும் கிளாஸ்லயே முடிச்சுப்போடறாங்களாமா" என்று எரிகிறதில் எண்ணெய் ஊற்றுகிறார்.

பொறுக்க முடியாமல் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலைமையாசிரியை ஜெயக்கொடி மேடத்தைப் போய்ப் பார்த்தேன்.

"ஜோவிதாவையா? லில்லியிலிருந்து டெய்சிக்கா?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஆமாங்க மேடம். எப்படியாச்சும் பண்ணி உடோணும்."

"ஊட்டுல பேசிட்டீங்களா? பின்னால எங்களைக் குத்தம் சொல்லப்படாது."

"பேசித்தானுங்க வந்தேன். மத்தவங்க என்ன நெனைச்சாலும் சரி, எம் புள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியுமுங்க."

மேடம் உடனே எனக்கு டீ வரவழைத்தார். "இப்படிக் கேட்டு இதுவரைக்கும் ஒரு அப்பாவும் வந்ததில்லீங்க" என்றார். மற்றவர்களுக்குக் கேட்கத் தைரியமில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, டீயைக் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்து குடித்தேன். அதன்மேல்தான் உங்கள் வாயாலும் தாளாளரிடம் ஒரு வார்த்தை போட வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை ஜோவிதா மாடிப்படி ஏறிவிட்டாள்.

மச்சான், முதல் தர வகுப்பு என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. ஷ்ரவ்யா மிஸ் என்று ஒரு சின்னப் பெண் பாடம் நடத்துகிறார். பெருக்கலுக்குப் புளியங்கொட்டை, அறிவியலுக்கு ஒரு மண்புழு. வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை. நகம் வளர்ந்து இப்போது என்னைக் கிள்ளுகிற அளவுக்கு வந்துவிட்டது. நேற்று சட்னியா சாம்பாரா என்றதற்கு, "ரெண்டையும் ஊத்துங்கம்மா" என்றாள். டீனாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏனுங்க, பர்ஸ்ட் கிளாஸ் புள்ளைங்க இப்படித்தான் புழுவோட வெளையாடிட்டு இருக்குமா?" என்று கேட்டாள். தரமான சரக்குக்கு இஸ்திரி தேவையில்லை என்று பதில் சொன்னேன். அவள் பிஎஸ்சி படித்தவள், நான் சொன்னதை ஒத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெஃபினும் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு டியூஷனுக்குப் போகிறானாம், டீனா சொன்னாள். அவனை எந்தத் தளத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று உடனே விசாரியுங்கள். கீழ்த்தளம் என்றால் விடாதீர்கள். தாளாளரைப் பார்க்கும்போது என் நன்றியையும் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டின்மேல் ஆண்டவரின் சமாதானம் தங்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், ஜெஃபினுக்கு என் முத்தம்.

உங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
பிராங்க்

பி.கு: இதை உறையில் போடுவதற்குள் பெற்றோர் கூட்டம் வந்துவிட்டது. ஜெயக்கொடி மேடம் மைக்கைப் பிடித்து, "மெதுவாப் படிக்கற பசங்க கிளாஸ்னு டெய்சியை எல்லாரும் ஒதுக்கறீங்க. முதல் மார்க் கிளாஸான லில்லியில இருந்த பொண்ணை, அவ நிம்மதியா இருக்கோணும்னு டெய்சிக்குக் கேட்டு வாங்கின அப்பா ஒருத்தர் இங்க இருக்காருங்க" என்று சொல்லி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். மருதாசலம் தட்டவில்லை. தெருவுக்கே மைசூர்பா கொடுத்தவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. லில்லியில் ஜோவிதாவின் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், வேண்டுமானால் திரும்பி வரலாம் என்றார்கள். பைக்கில் வீட்டுக்குத் திரும்பினோம். முன்னால் உட்கார்ந்திருந்த ஜோவிதாவிடம் நான்தான் கேட்டேன், "அம்மணி, லில்லிதான் பர்ஸ்ட்டாமா. மறுபடியும் போறியா கண்ணு?" என்று. "அது எனக்கு அப்பவே தெரியுமுங்கப்பா. எல்லாப் புள்ளைங்களுக்கும் தெரியும். சொன்னா நீங்க மாத்த மாட்டீங்கன்னு சும்மா இருந்துட்டேன்" என்றாள். பின்னாலிருந்து டீனா என் தோளைத் தட்டி, "அங்கயே இருக்கட்டுமுங்க" என்றாள்.

ஆகவே மச்சான், தாளாளரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், நன்றிகூட வேண்டாம். ஜெஃபின் எந்தத் தளம் என்று விசாரிக்க வேண்டாம், இட்லிக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இன்னும் ஒரு உதவி. ஆண்டு விழாவில் நான் பெற்றோருக்கு அறிவுரை சொல்ல வேண்டுமென்று மேடம் உத்தரவு போட்டிருக்கிறார். நீங்கள் சபையில் நன்றாகப் பேசுகிறவர். நான் தெரிந்துதான் கேட்டேன் என்று பொய்யும் வராமல், தெரியாமல் கேட்டேன் என்ற உண்மையும் வெளியே வராமல் ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். எழுதி முடித்ததும் எனக்காக ஜெபியுங்கள், இந்தத் தடவை எதையும் விழுங்காமல் ஆமென் சொல்கிறேன்.