மான்விழியும் பொம்மியும் ஒருவரே என்பதற்குச் சான்று

ஒரு காட்டில் ஒரு புலி ஆட்சி செய்துவந்தது. புலி எல்லாக் காட்டிலும் உண்டு. இது சட்டத்தை மதிக்கிற புலி. முட்டிவலி வந்தபிறகு துரத்திப் பிடிப்பதை விட்டுவிட்டுப் பட்டியல் போட்டுச் சாப்பிட ஆரம்பித்தது. பிறக்கிற குட்டிகளின் பேரையெல்லாம் ஆமை பதிவேட்டில் ஏற்றும். வாரம் ஒரு பேரைப் புலி குலுக்கி எடுக்கும். நரி போய்க் கூட்டிவரும். "முன்னெல்லாம் கண்ட இடத்துல கழுத்தைக் கடிக்கும். இப்ப எவ்வளவோ தேவலை" என்று சாப்பிடப்படுகிறவர்களே பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

பதிவு செய்யாமல் கமுக்கமாக இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். புலிக்கும் அது தெரியும். குட்டி பிறந்த இருபத்தோரு நாளுக்குள் ஆமையிடம் பதிவு போட வேண்டும். குளத்தங்கரையில் கொக்கிடம் தண்ணீர் அட்டை வாங்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் குடும்பத்துக்கே குளம் கிடையாது. ஆமைக்குத் தரையில் வேலை, கொக்குக்குத் தண்ணீரில் வேலை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எட்டிப்பார்க்கும் கெட்ட பழக்கம் இரண்டுக்கும் இல்லை.

அந்தக் காட்டில் வேதவல்லி என்ற மானுக்குப் பெண் குட்டி பிறந்தது. ஏழு வருஷம் வேண்டாத தெய்வமில்லை, சுற்றாத மரமில்லை. ஈரம் காயாத அந்த மூக்கை முதல்முறை நக்கியபோதே வேதவல்லியின் வாயிலிருந்து 'பொம்மி' என்று வந்துவிட்டது. யோசித்து வைத்த பேரில்லை. குட்டியும் காதை ஆட்டியது.

கணவன் கலியமூர்த்திக்கு இது ஆகவில்லை. அவன் கிளி ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தான்: "அகிலாண்ட திரிபுரசுந்தர மான்விழி."

"இது ஒரு பிள்ளைக்கா, ஒன்பது பிள்ளைக்கா?" என்று கேட்டாள் வேதவல்லி.

"அகிலாண்டம் எங்கம்மா பேரு. திரிபுரசுந்தரி குலதெய்வம். மான்விழி நான் வச்சது."

"மானுக்கு மான் விழி இல்லாம மாட்டு விழியா இருக்கும்? அதுசரி, உங்கம்மா பேரை வச்சா நான் எப்படிங்க இவளை அதட்டுறது? 'அடியே அகிலாண்டம், சேத்துல எறங்காதடி'ன்னா ஊரு என்னைச் சும்மா விடுமா?"

"பொம்மின்னு வச்சா மட்டும்? நாளைக்கு இவ மந்தைக்கே தலைவி ஆவா. 'தலைவி பொம்மி வாழ்க'ன்னு கோஷம் போடுவாங்களா? சிரிப்பாங்க."

"செந்நாய் வந்தா? நீங்க சொல்ற பேரைக் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள அது தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போயிருக்கும்."

இப்படியே இருபது நாள் ஓடியது. பேர் சூட்டும் அன்று குட்டியின் காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும். கலியமூர்த்தி வலது காதில் அவன் பேரைச் சொல்ல, வேதவல்லி இடது காதில் அவள் பேரைச் சொன்னாள். அவன் ஒரு முறை சொல்லி முடிப்பதற்குள் இவள் மூன்றையும் முடித்துவிட்டாள். அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

இருபத்தோராம் நாள் காலையில் போனால் இரண்டு வரிசையும் வால் தெரியாமல் நீண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் இரண்டிலும் நிற்க ஒருவரால் ஆகாது.

"நான் ஆமைகிட்ட நிக்கிறேன், நீ கொக்குகிட்ட நில்லு" என்றான் கலியமூர்த்தி. "சரி, வேதா, உன் இஷ்டம். பொம்மின்னே எழுதிடறேன்."

வேதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "வேணாங்க, உங்க ஆசையை நான் ஏன் கெடுக்கணும்? மான்விழின்னே போட்டுடுவோம்."

இருபத்தோரு நாளில் முதல்முறையாக இருவரும் அன்பாக முகர்ந்துகொண்டார்கள். பிறகு அவன் போய் ஆமையிடம் 'அகிலாண்ட திரிபுரசுந்தர மான்விழி' என்று எழுதினான். இவள் போய்க் கொக்கிடம் 'பொம்மி' என்று எழுதினாள். வீட்டுக்கு வந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் புல் தின்றார்கள். நல்ல தாம்பத்தியம் என்றால் இப்படித்தான் இருக்கும்.

பதிவு போட்ட மூன்றாம் வாரம் நரி வந்தது. கையில் போன், கழுத்தில் அடையாள அட்டை.

"அகிலாண்ட திரிபுரசுந்தர மான்விழி யாரும்மா? நாளைக்குக் காலைல அய்யாவோட சாப்பாட்டுக்குப் பேர் வந்திருக்கு. வாழ்த்துகள்."

வேதவல்லிக்குக் காலடியில் பூமி நழுவியது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எட்டடி தள்ளிக் குட்டி, இன்னும் நேராக நிற்கத் தெரியாத கால்களோடு, ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"பாவி மனுஷா, அந்தப் பேரையா எழுதின?"

கலியமூர்த்தி தலையைத் தொங்கப்போட்டான்.

"குடும்பச் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க" என்றது நரி. "தண்ணி அட்டையைக் காட்டுங்க. பதிவுல இருக்கிற பேரும் அட்டைல இருக்கிற பேரும் ஒத்துப்போனாத்தான் கூட்டிட்டுப் போகணும். அய்யாவே போட்ட விதி. ஒரு தடவை ஆள் மாறிப்போயி அய்யாவுக்கு வயித்தால போயிடுச்சு."

வேதவல்லி அட்டையை எடுத்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. அழுகை நின்றுவிட்டது.

நரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "பொம்மியா? வீட்ல ஒரே பிள்ளைதானே? அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு சார்?" என்றாள் வேதவல்லி. "எனக்குத் தெரிஞ்சு இவ பொம்மி. நீங்க சொல்ற அம்மா யாருன்னு விசாரிச்சுப் பாருங்க."

நரி விடவில்லை. குட்டியைப் பார்த்து, மூச்சுப் பிடித்து, பேரை முழுசாகக் கூப்பிட்டது. இரண்டு முறை கூப்பிட்டது. குட்டி தும்பியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பொம்மி" என்றாள் வேதவல்லி, மெதுவாக. குட்டி ஒரே தாவலில் வந்து அவள் வயிற்றில் முட்டியது.

கலியமூர்த்திக்கும் மெல்லப் புத்தி வந்தது. "மான்விழியா? கேள்விப்பட்டதே இல்லையே சார். நல்ல குடும்பத்துப் பிள்ளை போல" என்றான்.

நரிக்கு வேறு வழியில்லை. மான்விழியும் பொம்மியும் ஒருவரே என்று ஆமையிடம் சான்று வாங்க வேண்டும். இரண்டு பேரையும் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட்ட சாட்சிகள் இருவர் வேண்டும். காட்டில் அப்படி ஒரு ஜீவன் கிடையாது. பேர் சூட்டிய அன்றோடு சரி, பெற்ற அப்பனே முதல் பேரால் அவளைக் கூப்பிட்டதில்லை.

புலிக்குப் பசி. பட்டியலில் அடுத்த பேர் மெய்யப்பன், முயல். நரி தாள்களைக் கேட்டதும் மெய்யப்பன் உற்சாகமாக எல்லாவற்றையும் எடுத்து நீட்டினான். பதிவு, அட்டை, நகல், நகலுக்கு நகல், எல்லாம் லேமினேஷன் செய்தவை. "ஒரு எழுத்து மாறியிருந்தா சொல்லுங்க" என்று சவால் விட்டான். மாறவில்லை. அவ்வளவு ஒழுங்கான முயலை இதுவரை தின்றதில்லை என்று புலியே பாராட்டியதாகச் சொன்னார்கள்.

அதற்கு மறுநாள் கொக்கின் முன்னால் காடே திரண்டது, பேர் திருத்தம் செய்ய. ஆறு டன் யானை 'சுண்டு' ஆனது. முதலை 'தங்கம்' ஆனது. காட்டெருமைத் தம்பதி தங்கள் மகளுக்கு வீட்டுப் பேர் என்னவென்று இருவரும் தனித்தனியாக யோசித்து, ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஆளுக்கொரு வரிசையில் போய் நின்றார்கள்.

மூன்று வாரம் பட்டினி கிடந்த புலி கடைசியில் தானே ஆமையிடம் வந்தது. ஆமையை அடித்துத் தின்றிருக்கலாம். ஓடு கடினம், தவிரவும், தின்றுவிட்டால் கையெழுத்து யார் போடுவது?

"எல்லாருக்கும் சேர்த்து ஒரே சான்றாக் கொடுத்துடு" என்றது புலி.

"கொடுத்துடலாங்கய்யா. விண்ணப்பிக்கிறவர் பேரு?"

"புலி."

"அது இனங்கய்யா. பேரு?"

புலி சுற்றுமுற்றும் பார்த்தது. "பதிவுல வீரகேசரி."

"வீட்ல?"

புலி குனிந்து ஆமையின் காதில் சொன்னது. "புஜ்ஜிங்களா?" என்று ஆமை உரக்கக் கேட்டு எழுதிக்கொண்டது. வரிசை மொத்தமும் வானத்தைப் பார்த்தது.

"இப்ப ரெண்டும் ஒருத்தரேன்னு ஒரு சான்று வேணுங்கய்யா. அய்யாவைச் சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச சாட்சி ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க."

புலி நகம் நகமாக எண்ணிப் பார்த்தது. "தெரிஞ்சவங்க எல்லாரையும் தின்னுட்டனே" என்றது.

"அப்ப கொஞ்சம் உக்காருங்க. கூப்பிடுறோம்" என்றது ஆமை.

புலி இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. விலா எலும்பை எண்ணலாம். ஒருநாள் பொம்மி அந்தப் பக்கம் துள்ளிக்கொண்டு போனாள். இப்போது கால் நேராக நிற்கிறது.

"பாப்பா, உன் பேரு என்ன?" என்று கேட்டது புலி, மிக மெல்லிய குரலில்.

அம்மா சொல்லிக்கொடுத்தது பொம்மிக்கு மறக்கவில்லை.

"நீங்க எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடிப்போனாள்.

நீதி: ஒற்றுமையே பலம், புலிக்கு. ஆகவே பெண் குழந்தைக்குப் பேர் வைக்கும்போது கணவனும் மனைவியும் ஒருக்காலும் ஒத்துப்போகாதீர்கள். ஒத்துப்போய்விட்டால் லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.