அம்மைக்கு இழுக்கு நேராத முகாம்

பங்குனிக் காலை வெயில் பழவேற்காட்டு ஏரியின்மேல், அருள் இறங்குவதுபோல் மெல்ல, மிக மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வற்றிய சேற்றில் பூநாரைகள் ஒற்றைக் காலில் தவமிருந்தன. காற்றோ மேலிடத்து ஆணைக்குக் காத்து நின்றது. பாரதத்தின் மழலைகளைப் பிணியினின்று மீட்கும் மாபெரும் வேள்வியாம் தடுப்பூசி முகாம், அத்தகைய திருநாளில்தான் ஏரிக்கரைக் குப்பத்துக்கு எழுந்தருளியது.

எல்லம்மா விடிந்ததுமே வந்துவிட்டாள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள், அன்று தண்ணீரில் இறங்கவில்லை. இடுப்பில் ஒன்பது மாதக் காவியா. அடுத்த குப்பத்தில் இரு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருந்தது. இன்றைக்கே ஊசி போட்டுவிட வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பில்லை.

முகாம் அதிகாரி சிவசங்கர் தொலைநோக்குடையவர். "மருந்து படத்தில் தெரிய வேண்டாமா?" என்று வினவி, ஐஸ் பெட்டியைத் திறந்து வெயில் மேடையில் வைக்கச் செய்தார். பின்னால் பேனர்: 'அம்மையை ஒழிப்போம்!' எதிரே அம்மன் கோயில்.

ஊர்த்தலைவர் தாமோதரன் வாய்விட்டுப் படித்தார்.

"இன்னா சார் இது? எங்க அம்மைய ஒழிச்சிட்டு, யார நம்பி நாங்க கடலுக்குப் போறது?"

"ஐயா, அந்த அம்மை அல்ல. இது தட்டம்மை."

"தட்டுல வந்தாலும் அம்மை அம்மைதான் சார்!"

உடனே 'சொற்சீரமைப்புக் கூட்டம்' கூடியது. 'ஒழிப்போம்' என்பது 'தணிப்போம்' ஆயிற்று. அதில் பணிவு போதவில்லை. நெடிய விவாதத்துக்குப்பின், 'அம்மையே, சற்று விலகி அருள்க!' என்பது ஏகமனதாக நிறைவேறியது. அச்சடித்து வரப் பொன்னேரிக்கு ஆள் போனது.

"சார், எங் கொழந்தைக்கு மொதல்ல ஊசி போட்ருங்க. பேனரு வர்றப்போ வரட்டும்," என்றாள் எல்லம்மா.

"பேனர் இல்லாமல் போட்டால் அது வெறும் ஊசி அம்மா. முகாம் ஆகாது."

உச்சிப்பொழுதில் பேனர் வந்தது. படம் எடுத்தார்கள். செவிலியர் ஜெபசெல்வி பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்து முகம் வாடினார்.

"சார், ஐஸெல்லாம் உருகி மருந்து சூடாயிடுச்சு. இனிமே போடக் கூடாது."

"வேண்டாம். படம்தான் நன்றாக வந்துவிட்டதே!"

எல்லம்மா விடவில்லை. "அப்போ எப்ப சார் ஊசி?"

"அடுத்த மாத முகாமில்."

"அதுக்குள்ள அம்மை வந்துட்டா?"

அதிகாரி பேனரைக் கனிவோடு காட்டினார். "விலகச் சொல்லி எழுதியிருக்கிறோமே அம்மா."

எல்லம்மா கோயில் வாசலுக்கு நடந்தாள். குனிந்து மஞ்சள் எடுத்து, குழந்தையின் நெற்றியில் இட்டாள். ஊசி ஏறியிருக்க வேண்டிய கையிலும் பூசினாள். கண்மூடி அம்மனை வேண்டிக்கொண்டாள். பிறகு திரும்பி வந்து, ஜீப்பில் ஏறிய அதிகாரியைக் கைகூப்பி வாழ்த்தினாள்:

"நல்லா இருங்க சார். ஒங்க வூட்டுப் புள்ளைங்களுக்காவது, ஒங்கள மாதிரி ஆபீசரு யாரும் வராத ஊர்ல ஊசி கெடைக்கட்டும்."