எனக்கு நானே கொடுத்த நோட்டீஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் நலம். உன் நலமும் உன் சக்கர நாற்காலியின் நலமும் அறிய ஆவல்.

பதினோரு வருடமாக நீ என் வீட்டுக்கு வராததற்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். வீடு கட்டி முடித்த அன்று எடுத்த குடும்பப் படத்தில் உன்னை ஓரத்தில் தள்ளிவிட்டோம், அந்தக் கோபம் என்று. எப்போது கூப்பிட்டாலும் "வேலை இருக்குடா" என்பாய். எனக்கும் ரோஷம் வரும்.

நகராட்சியில் இப்போது என்னைச் சாய்தளம் பார்க்கும் ஆய்வாளராகப் போட்டிருக்கிறார்கள். நாலு பேர் வந்துபோகும் இடம் எதுவானாலும் சக்கர நாற்காலி ஏற வழி வேண்டும், இல்லையென்றால் நோட்டீஸ். பல வருடமாக அலமாரியில் தூங்கிய சட்டத்தை நான்தான் தட்டி எழுப்பி, டேப்பை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் நாற்பது கடைக்கு நோட்டீஸ் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரர் மட்டும் அதை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஊருக்குத்தான் உபதேசமா சார்? முன்ரூம்ல உங்க வீட்டம்மா தையல் கடை வச்சிருக்காங்க. வாசல்ல மூணு படி. என் கடையில ஒண்ணுதான்" என்றார், சாயங்காலமே எழுத்தில் புகாரும் கொடுத்துவிட்டார். அது என் மேஜைக்கே வந்தது. வேறு ஆய்வாளர் கிடையாது. ஆகவே நானே போய்ப் படியை அளந்து, எனக்கு நானே நோட்டீஸ் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டேன். அவகாசம் கேட்டு எனக்கு ஒரு மனு எழுதினேன். காரணம் திருப்தியாக இல்லை, நிராகரித்துவிட்டுத் தையல் மெஷினுக்குச் சீலும் வைத்தேன். "குடுத்ததும் நீங்க, வாங்கினதும் நீங்க, நடுவுல என் மெஷினுக்கு எதுக்கு சீல்?" என்று கேட்டாள் உன் தம்பி மனைவி.

மூன்றாவது படியில் டேப்போடு உட்கார்ந்திருந்தபோதுதான் அக்கா, அந்தப் படம் எடுத்த அன்று நாலு பேர் உன்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இதே படி ஏறியது ஞாபகம் வந்தது. "பாத்துத் தூக்குங்கடா" என்று கத்தியது நான்தான். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். முந்தானையை மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாய். ஊர் முழுக்கச் சட்டம் பேசியவனுக்கு, சொந்த அக்கா ஏன் வரவில்லை என்று யோசிக்க ஒரு புகார் தேவைப்பட்டது. வெட்கமாக இருக்கிறது.

இப்போது விதிப்படி ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டடி நீளத்தில் சாய்தளம் போட்டாயிற்று. ஸ்கூட்டர் தெருவில் நிற்கிறது, பரவாயில்லை. மருந்துக்கடைக்காரர் சொந்த டேப்போடு வந்து அளந்து பார்த்துவிட்டு, மறுநாளே தன் கடைப்படியையும் உடைத்துவிட்டார். யாரும் தூக்க வேண்டாம், நீயே உருட்டிக்கொண்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. எல்லாம் தயார்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். என்னைத் திட்டிவிட்டு ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: "எல்லாம் தயார்" என்பதை அடித்துவிடவும். அத்தானிடம் உன் புது நாற்காலியின் அகலம் கேட்டேன். எங்கள் வாசற்கதவு இரண்டு விரல் குறைகிறது. எனக்கு இரண்டாவது நோட்டீஸ் எழுத உட்கார்ந்தேன். உன் தம்பி மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தச்சரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் நிலையோடு கதவைப் பெயர்த்து வைத்துவிட்டு, "காகிதத்துல அளவு சொல்லாதீங்க சார். அக்கா ஒரு தடவ உள்ள வந்து போகட்டும், அப்புறம் புதுசு செய்யறேன்" என்கிறார். அதனால் நீ வரும்வரை இந்த வீட்டுக்குக் கதவு கிடையாது.