மைல் சுருங்கிய நாடு

பெட்ரோல் கவலையை அடியோடு வென்ற ஒரே நாடு என்ற பெருமை வேம்பரை நாட்டுக்கு மட்டுமே உண்டு. வென்ற அன்று அந்த நாட்டுச் சாலைகளின் நடுவே ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அந்த நாட்டில் தவசிமுத்து என்று ஒருவர் நீல வேன் வைத்திருந்தார். அது லிட்டருக்கு எத்தனை மைல் கொடுக்கிறது என்று ஒரு காலத்தில் அவருக்கே தெரியாது, யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தெருவே வேனில் ஏறிக்கொள்ளும். தேங்காய்க்கடை ஆலாலம் வறுத்த கடலையோடு பின்சீட்டைப் பிடித்துக்கொள்வார். தவசிமுத்துவின் மனைவி பூரணி முன்சீட்டில். அப்போது சின்னவளாக இருந்த மகள் செங்கமலம் அம்மா மடியிலிருந்து ஹாரனை அமுக்குவாள். ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கு வருவார்கள். எதற்குப் போனீர்கள் என்றால் எவருக்கும் பதில் தெரியாது. அதற்குப் பெயர் ரவுண்டு.

பிறகு பெட்ரோல் விலை ஏறியது. மக்கள் அரண்மனை வாசலில் கூடிக் கூச்சல் போட்டார்கள். அரசர் பேரொளிவர்மர் உப்பரிகையில் தோன்றினார்.

"விலை ஏறவில்லை. உங்கள் வண்டிகள் சோம்பேறியாகிவிட்டன."

வண்டிகளைத் திருத்த மைலேஜ் மந்திரி என்று ஒரு பதவி உண்டாக்கி, அதில் அருட்குரிசில் என்பவரை அமர்த்தினார். மந்திரியின் முதல் ஆணை, எடைக் குறைப்பு. ஸ்டெப்னி போனது, ஹாரன் போனது, டிரைவர் சீட்டைத் தவிர மற்ற சீட்டெல்லாம் போயின. தவசிமுத்து கழற்றிய சீட்டைக் கூடத்தில் போட்டார். சாயங்காலங்களில் அவரும் பூரணியும் அதில் அமர்ந்து எதிர்ச்சுவரைப் பார்ப்பார்கள்.

"இப்ப ஏரி வந்திருக்கும்," என்பார் அவர்.

"கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்," என்பாள் அவள்.

இரண்டாவது ஆணை, பிரேக் பிடிக்கத் தடை. பிரேக் என்பது எரிந்துபோன பெட்ரோலுக்குச் செய்யும் அவமரியாதை என்று மந்திரி விளக்கினார். எருமைகளுக்கு இதை யாரும் சொல்லாததால் கொஞ்சம் சேதம் ஏற்பட்டது. மூன்றாவது ஆணைப்படி, எந்த வண்டியும் ஒரு நாளைக்கு இருபது மைலுக்கு மேல் ஓடக் கூடாது. ரவுண்டு அத்தோடு நின்றது.

இவ்வளவு செய்தும் மைலேஜ் பத்திலேயே நின்றது. அரசர் கோபித்துக்கொண்டார். மந்திரி மூன்று நாள் சிந்தித்து, வண்டியைத் தொடாமல் மைலைப் பாதியாகக் குறைத்தார். மைல்கற்களுக்கு நடுவே புது மைல்கற்கள் முளைத்தன. மீட்டர்கள் திருத்தப்பட்டன. நேற்று வரை லிட்டருக்குப் பத்து மைல் போன வண்டிகள் அன்று காலை முதல் இருபது போயின.

நாடே வெடி வெடித்தது. தவசிமுத்துவும் ஒரு சரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"பூரணி, நம்ம வண்டி இருபது கொடுக்குதுடி!"

"ஏங்க, செங்கமலம் ஊரு எவ்வளவு தூரம்?"

"துறைக்கரையா? பதினெட்டு மைல்."

"இப்ப?"

தவசிமுத்து கையிலிருந்த தீக்குச்சியை ஊதி அணைத்தார்.

துறைக்கரையில் வாழ்க்கைப்பட்ட செங்கமலத்துக்கு இப்போது ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்தாக வேண்டும். இருவரும் மந்திரியைப் பார்க்கப் போனார்கள்.

"தூரம் கூடவில்லை அம்மா. மைல்தான் சிறியதாகியிருக்கிறது," என்றார் மந்திரி கனிவாக.

"அப்போ போயிட்டு வரலாமுங்களா?"

"சட்டம் மைலைத்தான் எண்ணும். தூரத்தை எண்ணாது."

"அப்போ ஒரு வழிக்கே ரெண்டு நாள் ஆகுமே. பிள்ளை அது வரைக்கும் காத்திருக்குமாய்யா?"

மந்திரி இரங்கினார். "பெட்ரோல் எரியாத மைல் மைலே அல்ல. இருபது மைல் ஓட்டுங்கள், மீதியைத் தள்ளுங்கள். அரசாங்கம் குறுக்கே நிற்காது."

செய்தி கேட்டு ஆலாலம் கடலைப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். "தள்ளுறதுக்கு ஆள் வேணுமில்ல? ரவுண்டு போயி எவ்வளவு நாளாச்சுண்ணே!" பின்னாலேயே பழைய கூட்டம் முழுக்க வந்தது. சீட்டில்லாத வேனில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். இருபது மைல் ஓடியது, மீதியைத் தள்ளினார்கள். மூச்சு வாங்கினாலும் பேச்சு நிற்கவில்லை. ஆலாலத்தின் கடலை எப்போதுமே தீய்ந்திருக்கும் என்ற பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது.

மறுநாள் செங்கமலத்தை மெத்தையில் சாய்த்துக்கொண்டு, அவசரத்துக்கு ஒரு கேனில் பெட்ரோலும் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இருபது மைலோடு டாங்கும் காலியாகி, தள்ளிக்கொண்டு ஏரிக்கரை வளைவுக்கு வந்தபோது அவள் அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள்.

"அம்மா, வலிக்குது."

பூரணி வெளியே தலை நீட்டினாள். "தள்ளுனது போதும். கேன்ல இருக்கறத ஊத்துங்க."

"சட்டம்..."

"சட்டமா வந்து பிரசவம் பாக்கப் போவுது?"

தவசிமுத்து கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் வளைவில் நின்றிருந்த பெரிய காரைப் பார்த்தார். காருக்குப் பக்கத்தில் அரசரும், வியர்த்துப்போன மந்திரியும். மைலேஜ் வெற்றி விழாவுக்குப் போகும் வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டிருந்தது. எடை குறைக்க டிரைவரையும் காவலர்களையும் அரண்மனையிலேயே இறக்கிவிட்டு, மந்திரியே காரை ஓட்டிவந்திருந்தார்.

"அந்தக் கேனை இங்கே கொண்டு வா," என்றார் அரசர்.

தவசிமுத்து ஒரு கணம் தயங்கினார். உள்ளேயிருந்து மகள் முனகும் சத்தம் கேட்டது. அவர் வேனைப் பார்த்துத் திரும்பி, டாங்கில் ஊற்றினார். வீடு போய்ச் சேர இவ்வளவு போதும் என்று தோன்றியதும் நிறுத்தினார். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"பாவம், அதைக் கொடுத்துட்டு வாங்க. வெயில்ல நிக்கிறாங்க," என்றாள் பூரணி.

தவசிமுத்து கேனோடு காரருகே போனார். "எங்கே ஊத்தணும், சாமி? மூடியைக் காட்டுங்க."

அரசர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி காரின் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு பின்பக்கம் போனார். அரசரும் கூடவே போனார். இருவரும் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள்.

"அப்பா!" என்று செங்கமலம் அலறினாள். தவசிமுத்து கேனைச் சாலையோரம் வைத்துவிட்டு ஓடிவந்து, தள்ளியவர்களையும் ஏற்றிக்கொண்டு வேனைக் கிளப்பினார். ஏரிக்கரையில் வேன் பறந்தது. "மெதுவா" என்று பூரணி சொல்லவில்லை. வழக்கமாக இறங்கிக் கடலை தின்னும் புளியமரத்தைத் தாண்டும்போது மட்டும் எல்லோரும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தை கூடத்தில், வேனின் பழைய சீட்டில் பிறந்தது. பெண் குழந்தை.

பெட்ரோல் ஊற்றும் மூடி காரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அரசருக்கும் மைலேஜ் மந்திரிக்கும் தெரியவில்லை.